ஒரே புட்டியில் இரண்டு கை

அத்தியாயம் பதினான்கு

மாமனாரின் கண்கட்டை அவிழ்த்த டாக்டர் குனியாதீங்க என்றார், கனம் தூக்காதீங்க என்றார், தூசியில் நிற்காதீங்க என்றார். கோபப்படாதீங்க என்று சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

அதனால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்த பெரியவர், கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"மை ரூம் சாவி எங்க?"

"என்கிட்டதாம்ப்பா இருக்கு, பத்திரமா," என்று கல்லாவிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். 'பத்திரமா' என்ற சொல்லை மட்டும் அண்ணி பக்கம் திரும்பிச் சொன்னாள்.

மருமகள் புதிதாக வந்த காகிதக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே வீடு, கீழே கடை. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைக் கண்காட்சித் தரத்தில் அச்சடித்துக் கொடுப்பது தொழில். கடையில் வாங்குகிற மையை அப்படியே பிரிண்டரில் ஊற்றுவதென்றால் அதற்கு இவர்கள் எதற்கு? இங்கே மையைக் கலந்து செய்வார்கள். கறுப்பு மை என்பது அடிப்படையில் கரித்தூள். நீர் சேர்த்து இளக்க இளக்கச் சாம்பலாகும், கூடவே பழுப்படிக்கும். அந்தப் பழுப்பை அடக்க நீலம் சேர்க்க வேண்டும். நீலம் குறைந்தால் படம் கஷாயத்தில் நனைந்த மாதிரி இருக்கும். கூடினால் பிணத்தின் உதடு மாதிரி இருக்கும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடம்தான் உண்டு. அங்கே நிற்கத் தெரிந்தவர் மாமனார் என்று தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர் கலந்து வைக்கும் புட்டிக்குத் 'தாய் மை' என்று பெயர். மகன் அதை இளக்கிப் பிரிண்டருக்கு ஊற்றுவான்.

அந்த மை அறைதான் மருமகளின் ஒரே ஆசை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புட்டி கழுவியிருக்கிறாள், காகிதம் வெட்டியிருக்கிறாள், அச்சு முனை அடைத்துக்கொண்டால் பஞ்சு வைத்துத் துடைத்திருக்கிறாள். கலக்க மட்டும் விட்டதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "நான் செத்தப்பறம் கலக்கு" என்று பதில் வந்தது. கதையை அங்கேதான் விட்டிருந்தோம்.

"இன்னிக்கு அந்தம்மாவுக்கு அச்சு ஓடணும்," என்றார் பெரியவர். "காகிதம் தயாரா?"

அந்தம்மா ஒரு புகைப்படக்காரி. காலமெல்லாம் துறைமுகத்துப் பனிமூட்டத்தைப் படமெடுத்தவள். அவளுடைய கண்காட்சி நெருங்கிவிட்டது. வாசல் பலகையில் தன் பெயருக்குக் கீழே மை கலந்தவர் பெயரையும் எழுதப் போவதாகச் சொல்லியிருந்தாள். இந்த வீட்டுக்கு இதுவரை யாரும் செய்யாத மரியாதை. திறப்பு விழாவுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையைப் பெரியவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே முடிவு செய்துவிட்டார்.

"மாமா, கட்டு அவுத்து முழுசா ஆறக்கூட இல்ல," என்றாள் மருமகள். "இன்னிக்கு ஒரு நாள் நான் கலக்கறேன். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க."

"பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே இருக்க நான் என்ன ரேடியோவா?"

மகள் சிரித்தாள். "ஏன் அண்ணி, அப்பா எப்ப படுப்பாருன்னே காத்துக்கிட்டு இருப்பீங்களா?"

"படுக்கணும்னு நான் நெனைக்கல. பூ விழுந்த கண்ணை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு மாசக்கணக்கா அடம் பிடிச்சது யாரு? அப்பல்லாம் நீ எந்த ஊர்ல இருந்த?"

"கல்லாவுலதான் அண்ணி இருந்தேன். உங்களை மாதிரி மை ரூம் வாசல்லயே தவம் கெடக்கல."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் பிரிண்டர் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, நீங்களாவது சொல்லுங்க."

"அப்பா சொல்றதும் சரிதான்," என்றான். "நீ சொல்றதும் சரிதான்."

"வீட்டுக்கு ஒரு நீதிபதி," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவர் கலக்கும் விதம் இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க மாதிரித் துண்டு எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். "பக்கத்துல இருக்கறவனப் பாத்து எழுதறவனுக்குத்தான் மாதிரி வேணும், எனக்கு எதுக்கு" என்பார். ஒரு சொட்டு மையைக் காகிதத்தில் இழுத்துவிட்டு, ஹேர் டிரையரால் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சரி என்று கண் சொன்னால் சரி.

இன்று கண் சீக்கிரத்தில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். முதலில் கலந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த மருமகளுக்கு அது தடுமாற்றமாகப் பட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இப்போது அந்த வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் மருமகள் சொல்லாத ஒரு விஷயத்தை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

போன மழைக்காலத்திலிருந்தே பெரியவரின் தாய் மை நீலம் தட்ட ஆரம்பித்திருந்தது. மருமகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். பழைய படத்தின் ஓரத்தை வெட்டிக் கொண்டுபோய், "பக்கத்துல வச்சுப் பாருங்க மாமா" என்று காட்டினாள். "என் கண்ணைவிட இந்தத் துண்டு பெருசா?" என்று அவர் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் முன்னறையில் காத்துக்கொண்டிருந்தார். புட்டியை அறையிலிருந்து பிரிண்டருக்குக் கொண்டுபோவது மருமகளின் வேலை. நடுவில் கை கழுவும் தொட்டி இருக்கிற சின்ன இடைவழி. அங்கே நின்று மஞ்சளும் துளி சிவப்பும் கலந்து ஒரு ஆரஞ்சுச் சாயம் செய்து, சிரிஞ்சில் எடுத்து, தாய் மையில் விட்டுவிட்டாள். நீலம் அடங்கியது. படம் அற்புதமாக வந்தது. வாடிக்கையாளர் பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அப்படித்தான். எவ்வளவு விட வேண்டும் என்பது அவளுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது, நீலம் கூடுதலாக விழுகிறது என்று காரணத்தையும் அவளே முடிவு கட்டிவிட்டாள்.

எப்போதும் கடைசியில் ஒரு துண்டில் தடவிச் சரிபார்த்துக்கொள்வாள். இன்று சிரிஞ்சை அழுத்தி முடித்தபோது நாத்தனாரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணி, அங்க என்ன பண்றீங்க?"

"புட்டிய வெளிப்பக்கம் துடைக்கறேன்."

"தரையா அது, அவ்வளவு நேரம் துடைக்க? குடுங்க, நானே கொண்டுபோறேன்."

"உன் கல்லாவ நீ பாரு. என் புட்டிய நான் பாத்துக்கறேன்."

"உங்க புட்டியா?" என்று நாத்தனார் புருவத்தைத் தூக்கினாள். மருமகள் புட்டியைக் கொண்டுபோய்க் கணவனிடம் கொடுத்தாள். சரிபார்க்கவில்லை. இத்தனை நாள் தப்பாதது இன்றைக்கா தப்பிவிடப் போகிறது?

பெரியவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மாடியில் படுத்தார். மருமகள் படச்சட்டம் செய்கிற பட்டறைக்குக் கிளம்பினாள். அச்சு ஓட ஆரம்பித்தது.

பட்டறையில் ஒரு சட்டத்தின் மூலை சேரவில்லை. அதைச் சரிசெய்ய வைத்து வாங்கிக்கொண்டு அவள் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. கடை வாசலில் புகைப்படக்காரியின் வண்டி.

உள்ளே, உலர்த்தும் தட்டுகளில் படங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. மருமகள் சட்டங்களைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

பனிமூட்டம் பழுப்பாக இருந்தது. கிரேன்கள் துருப்பிடித்த மாதிரி, கடல் சாக்கடை மாதிரி. ஒரு படம் இல்லை, எல்லாப் படமும்.

நீலத்தை அடக்க அவள் விட்ட சாயம். ஆனால் அடக்குவதற்கு இன்று நீலமே இல்லை.

அந்தக் கணத்தில்தான் அவளுக்கு உறைத்தது. கை இல்லை, கண். பூ விழுந்த கண்ணுக்கு உலகமே பழுப்புக் கண்ணாடி வழியாகத் தெரிந்திருக்கிறது. பழுப்பைப் பார்த்த மனிதர் அதை அடக்க நீலத்தை ஊற்றியிருக்கிறார். இப்போது கண் தெளிந்துவிட்டது. இன்று அவர் கலந்தது மயிரிழை பிசகாத சரி. அந்தச் சரியைத்தான் அவள் போய்த் திருத்தியிருக்கிறாள்.

"என் மூடுபனியில யார் டீ ஊத்தினது?" என்றாள் புகைப்படக்காரி.

சத்தம் கேட்டுப் பெரியவர் இறங்கி வந்தார். ஒரு படத்தை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என் கறுப்பு இல்ல," என்றார்.

"உங்க ரூம்லேர்ந்து வந்ததுதானே ஐயா?"

"என் ரூம்லேர்ந்துதான் வந்துச்சு. என் கறுப்பு இல்ல."

புகைப்படக்காரி பெருமூச்சு விட்டாள். "ஆபரேஷன் ஆன கண்ணு. உங்களை அவசரப்படுத்தினது என் புத்தி. உங்க மருமக கலக்கட்டும். அவங்க துண்டை வச்சு ஒப்பிட்டுப் பாக்கறதை நான் ஒரு தடவை பாத்திருக்கேன். இனிமே அதான் சரி."

"அதுக்குள்ள சிபாரிசு வந்தாச்சு," என்றாள் நாத்தனார். "எப்ப போய்ப் பேசி வச்சீங்க அண்ணி?"

மருமகள் கையிலிருந்த சட்டங்களைக் கீழே இறக்கி வைத்தாள். கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அறை, தானாக வந்து மடியில் விழுகிறது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் நின்றால் போதும்.

பெரியவர் மை அறைக்குள் போனார். ஹேர் டிரையர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு குரல்.

"ஏம்மா, நீ மட்டும் உள்ள வா. கதவைச் சாத்து."

மேஜை மேல் இரண்டு துண்டுக் காகிதம் இருந்தது. காலையில் கலந்த பீக்கரின் அடியில் மிஞ்சியதை ஒன்றில் தடவியிருந்தார். பிரிண்டருக்குப் போய்த் திரும்பிய புட்டியின் மை மற்றதில். ஒன்று சுத்தமான சாம்பல். மற்றது துரு.

"எத்தனை நாளா?"

"எது மாமா?"

"என்னைக் கேனயனாக்காத. எத்தனை நாளா என் மையில கை வைக்கற?"

இனி மறைத்து என்ன? "போன மழையிலேர்ந்து. நீங்க நீலத்தை அள்ளிக் கொட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து."

"நான் கொட்டினேனா?"

"கொண்டுவந்து காட்டினேன். குப்பையில போட்டீங்க. என்ன பண்ணியிருக்கணும்? கெட்டுப்போன படத்தைக் கட்டிக் குடுத்து அனுப்பியிருக்கணுமா?"

பெரியவர் பின்னோக்கி நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அந்தம்மா மொதல்ல சாம்பிளுக்கு ஒரு படம் கேட்டாங்களே. அதைப் பாத்துட்டுத்தானே பலகையில பேர் போடறேன்னாங்க. அது?"

"அதுவும்தான்."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "திருடி," என்றார்.

"எதைத் திருடினேன்? உங்க தப்பையா?"

"ஆமா, தப்பைத்தான்." அவர் குரல் இறங்கிவிட்டது, ஆனால் விஷம் இறங்கவில்லை. "நீலமா ஒரு படம் வெளிய போயிருந்தா அன்னிக்கே எவனாவது மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பான். அன்னிக்கே நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். எல்லாப் படமும் நல்லா வருது, ஊரே கையைக் குலுக்குது, அப்பறம் என் கண்ணுக்கு என்ன கேடுன்னு உக்காந்திருந்தேன். என் குருட்டை நீ பொத்திப் பொத்தி வளத்திருக்க."

அவள் துரு நிறத் துண்டைக் கவிழ்த்து வைத்தாள்.

அவர் எழுந்து கதவருகே வந்து நின்றார். "கேட்டுக்க. இன்னிக்குத் தப்பை நான் ஏத்துக்கறேன். கண்ணு சரியில்லன்னு சொல்லிடறேன். சாவி உனக்கு, ரூம் உனக்கு. நேத்து வரைக்கும் வந்த படமெல்லாம் என்னோடதாவே இருக்கட்டும். நீ வாயைத் திறந்தா ரெண்டு பேருக்கும் எதுவும் மிஞ்சாது."

அவள் பதிலுக்குக் காத்திராமல் அவர் கதவைத் திறந்துவிட்டார்.

"என் கண்ணுதாம்மா," என்றார் புகைப்படக்காரியிடம். "இன்னும் படியல. இனிமே இவ கலப்பா." சாவியை மேஜையில் எறிந்தார். அது சறுக்கிக்கொண்டு வந்து மருமகளின் கைக்கருகே நின்றது.

அவள் எடுத்துக்கொண்டாள்.

"நல்லது," என்றாள் புகைப்படக்காரி. "மறுபடி போடுங்க. ஆனா பலகையில பெரியவர் பேர்தான். நான் மயங்கினது அந்தச் சாம்பிள் படத்தோட கறுப்புல. அது அவரோடது."

பெரியவர் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார். மருமகளின் பக்கம் பார்க்கவில்லை.

நாத்தனார் கல்லாவை விட்டு வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "சாதிச்சுட்டீங்க அண்ணி. இப்பத்தான் தொறந்த கண்ணை, குருடுன்னு நாலு பேர் முன்னாடி சொல்ல வச்சுட்டீங்க. ராத்திரி சாப்பாடு எறங்குமா?"

மருமகள் சாவியை மேஜையில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள்.

"மாமா கண்ணுல கோளாறு இல்ல," என்றாள். "காலையில அவர் கலந்தது சரி. நான் நடுவுல சாயம் விட்டேன், அதான் கெட்டுச்சு. இன்னிக்குக் கெடுத்தது நான். இதுக்கு முன்னாடி நல்லா வந்ததும் நான்தான். உங்க சாம்பிள் படமும் சேத்து."

"பாத்தியாப்பா?" என்றாள் நாத்தனார் மூச்சுவிடாமல். "நான் காலையிலயே நெனச்சேன், இவ இடைவழியில என்னமோ பண்றான்னு."

"பொய்," என்றார் பெரியவர். அறைக்குள் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட மனிதர், வெளியே கூசாமல் சொன்னார். "பேருக்கு அலையறா. ரூம் கெடச்சதும் பலகையும் வேணுமாம்."

"அப்ப பலகையில நான் யார் பேரைப் போடறது?" என்றாள் புகைப்படக்காரி. "ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் என்னை ஏமாத்தறீங்க."

பெரியவர் மகனைப் பார்த்தார். இவன் எப்போதும் போல இரண்டு பக்கமும் தலையாட்டுவான், விஷயம் குழம்பிப் போகும், அது போதும் என்று கணக்குப் போட்டார்.

"ஏண்டா, புட்டிய வாங்கி ஊத்தறவன் நீதானே. இவ சொல்றது நெசமா?"

"நெசந்தாம்ப்பா."

பெரியவர் மகன் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"கதவிடுக்குல தெரியும், நீங்க புட்டியில எந்தக் கோடு வரைக்கும் வைக்கறீங்கன்னு. என் கைக்கு வரும்போது அதுக்கு மேல இருக்கும். எப்பவும்." அவன் உலர்த்தும் தட்டுகளிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தான். ஓரம் ஓரத்தோடு சேருகிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தான்.

மருமகள் அவனருகே போனாள். இவன் தன் பக்கம் பேசிவிட்டான் என்று வந்த நிம்மதி, பாதி வழியிலேயே அவளை விட்டுப் போய்விட்டது.

"அப்ப இன்னிக்கு மொதல் படம் வெளிய வந்தப்பவே பழுப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் நிறுத்தல?"

"நிறுத்துன்னு யார் சொன்னீங்க? நீயா, அப்பாவா? நான் குடுத்ததை ஊத்தறவன்தானே."

"என்னங்க பேசறீங்க? அந்தம்மாவோட படம் மொத்தமும் போச்சு."

அவன் கடைசிப் படத்தைக் கட்டின் மேல் வைத்தான்.

"போச்சு," என்றான். "ஒண்ணு விடாம வர்ற வரைக்கும் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தக் கடையில அவ்வளவு நிம்மதியா நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல."